அப்பா உள்ளே போகாத அரண்மனை

அம்மா வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மறுவாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அப்பா சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு ஒரு முழுநீளத் தாளை விரித்தார். மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க உப்பு ஜாடி, சர்க்கரை டப்பா, என் கைபேசி, தன் மூக்குக்கண்ணாடிக் கூடு என்று மூலைக்கு ஒன்றாக வைத்தார். எழுதப் போகும்போதுதான் கண்ணாடி கூட்டுக்குள் இருப்பது ஞாபகம் வந்தது. அதை எடுத்ததும் அந்த மூலை சுருண்டுகொண்டது.

"ஏழு நாள். மூணு பழைய ஊரு, கடைசியில கடல். இத விட்டா எனக்கு வேற ட்ரிப்பு தெரியாது" என்றார்.

அது உண்மைதான். அப்பா ஒரு சுற்றுலா கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். 'பழம்பெரும் நகரங்களும் கடற்கரைகளும்' என்று பஸ்ஸின் பக்கவாட்டில் நீல எழுத்தில் எழுதியிருக்கும். மழைக்காலம் தவிர, மாதம் மூன்று தடவை அதே ஏழு நாள் சுற்று. எட்டாம் நாள் காலையில் வீட்டுக்கு வருவார், குளித்துவிட்டுத் தூங்குவார், இரண்டு நாள் இருப்பார், கிளம்பிவிடுவார். கம்பெனியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. 'நிதானம்' என்றால்தான் தெரியும். வளைவில் பஸ் திரும்பினாலும் பயணிகளின் மடியில் இருக்கும் டம்ளர் அலுங்காது என்பார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால், கிளட்ச் மிதித்தே இடது முட்டி தேய்ந்துபோய் வீட்டோடு இருந்துவிட்டார்.

அம்மா அரசு மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். நுழைவாயிலுக்குப் பின்னால், மருந்துக் கிடங்கை ஒட்டி, ஜன்னல் இல்லாத ஓர் அறை. வெளியிலிருந்து வரும் அழைப்புகளை வார்டு வார்டாகப் பிரித்து இணைக்கும் வேலை. முப்பத்து மூன்று வருஷம். அப்பா ஓட்டிய அந்தச் சுற்றுக்கு அம்மா ஒரு தடவைகூடப் போனதில்லை. பஸ் ஓடும் மாதங்களில் சீட் எல்லாம் நிறைந்திருக்கும். சீட் காலியாக இருக்கும் மாதங்களில் பஸ் ஓடாது. இதற்கு நடுவில் என் பள்ளிக்கூடம், அம்மாவின் ஷிப்டு. போகலாம் போகலாம் என்று சொல்லியே எனக்கு நாற்பது வயது ஆகிவிட்டது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். ஒரு வாரம் விடுப்பு கேட்டு வாங்கியிருந்தேன். அதனால் திட்டம் போடும் வேலையில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது.

அப்பா எழுதினார். எழுதி முடித்ததும் அம்மா தாளைத் தன் பக்கம் திருப்பி, உரக்கப் படித்தாள்.

"முதல் நாள். கோட்டை ஊர். வடக்கு வாசலில் நிறுத்த வேண்டாம், பதினோரு மணிக்கு வெயில் திரும்பிவிடும். தெற்கு மதிலோரம் மூன்று தூங்குமூஞ்சி மரம். நடுமரம் நல்லது. பக்கத்தில் குழாய். தண்ணீர் மதியம் ரெண்டு மணி வரை வரும்."

அம்மா கண்ணாடிக்கு மேலாக அப்பாவைப் பார்த்தாள்.

"நாம என்ன பஸ்ஸ சுத்திப் பாக்கக் கூட்டிட்டுப் போறோமா?"

"முழுசாப் படி."

"இரண்டாம் நாள். மணிக்கூண்டு ஊர். ரிவர்ஸ் எடுக்க இடம் கிடையாது. முன்னாடியே திருப்பி நிறுத்தணும். பஞ்சர் கடை இடது பக்கம், நல்ல மனுஷன்." அம்மா தாளைக் கீழே வைத்தாள். "எனக்கு பஞ்சர் கடைக்காரரப் பாக்கறதுல ஆட்சேபணை இல்ல. அந்த மணிக்கூண்டு எப்ப தெறப்பாங்க?"

"அதெல்லாம் அங்க போய்க் கேட்டுக்கலாம்."

இப்படித்தான் முதல் மாலை போயிற்று. இரண்டாம் மாலை நான் புதிதாக ஒரு தாளில் கட்டம் போட்டேன். காலை, மதியம், மாலை என்று பிரித்தேன். அரண்மனை ஊருக்கு வந்தபோது எனக்குக் குதூகலமாக இருந்தது. காரணம் இருக்கிறது. சின்ன வயதில் அப்பா வீட்டில் இருக்கும் அந்த இரண்டு நாளும் எனக்குக் கதை நாள். ஒற்றை விளக்கை ஏற்றினால் ஆயிரம் விளக்காகத் தெரியும் கண்ணாடி மண்டபம், யானை ஏறும்படி கட்டிய அகலப் படிகள், ராணி குளிக்கும் குளத்திலிருந்து படுக்கையறைக்குப் போகும் சுரங்கம். நாலாம் வகுப்பில் அதை வைத்து ஒரு கட்டுரை எழுதி முதல் பரிசு வாங்கியிருக்கிறேன். பரிசு ஒரு பென்சில் டப்பா.

"கண்ணாடி மண்டபத்துக்கு எவ்ளோ நேரம் வைக்கட்டும்பா?"

"ரெண்டேகால் மணி நேரம். சில க்ரூப்பு ரெண்டரை ஆக்கும்."

"மண்டபத்துக்கு மட்டுமா?"

"இல்ல, மொத்தமா. உள்ள போயிட்டு வெளிய வர."

"மண்டபத்துக்கு மட்டும் எவ்ளோ?"

அப்பா பேனா மூடியைத் திருகினார். மறுபடி திறந்தார்.

"தெரியலம்மா. நான் உள்ள போனதில்ல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுப்பில் பால் வைத்திருந்த அம்மா, அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"எதுக்குள்ள போனதில்ல?"

"எதுக்குள்ளயும்" என்றார் அப்பா. "கோட்டை, அரண்மனை, மணிக்கூண்டு, எதுக்குள்ளயும். வண்டிய விட்டுட்டு டிரைவர் நகரக் கூடாது. அதான் ரூல். உள்ள எல்லார் பையும் இருக்கும். மேல பெட்டி இருக்கும். வேற வண்டி வந்தா நகத்திக் குடுக்கணும். அப்புறம் தூங்கணும். ரெண்டு மணி நேரம் தூங்கலேன்னா அடுத்த ரோட்டுல கண்ணு சொக்கும். நாப்பத்தஞ்சு பேர் உசுரு."

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவ டிக்கெட் வாங்கற கம்பி வரைக்கும் போனேன். ஒம்பதாவது வருஷம்னு நெனைக்கிறேன். கிளீனர வண்டியில விட்டுட்டுப் போனேன். பின்னாடியே ஒருத்தர் ஓடி வந்தாரு. டிரைவர், வண்டிக்கு வாங்க, எங்க அம்மாவுக்குத் தலை சுத்துதுன்னாரு. திரும்பிட்டேன். அப்புறம் போகத் தோணல."

"அந்த விளக்கு? சுரங்கம்? என் கட்டுரை?" என்று கேட்டேன்.

அப்பாவுக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் விளக்கினார்.

"வண்டியில ஏறும்போது எல்லாரும் பேசிக்கிட்டேதான ஏறுவாங்க. ஒருத்தர் கண்ணாடிம்பாரு, ஒருத்தர் படிம்பாரு. பின் சீட்ல ஒரு குழந்தை சுரங்கத்துக்குள்ள போகணும்னு அழும். எல்லாத்தையும் சேத்து வச்சுக்கிட்டேன். பொய் ஒண்ணும் சொல்லல. பாத்தவங்க சொன்னதத்தான் சொன்னேன்."

அம்மா கோபப்படுவாள் என்று நினைத்தேன். முப்பத்தொரு வருஷம் ஒரு மனுஷன் பார்த்ததாகச் சொன்னதை நம்பியவள் அவள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப அவ்ளோ வருஷமும் அந்த மரத்தடியிலயா இருந்தீங்க?"

"மரத்தடியில. இல்லேன்னா வண்டிக்குள்ள. பன்னெண்டேகாலுக்கு உனக்கு போன் பண்ணப் போவேன், அவ்ளோதான்."

அந்த பன்னிரண்டேகால் அழைப்பு எனக்கும் தெரியும். சொந்த விஷயத்துக்கு லைனை நிறுத்தி வைக்க அம்மாவுக்கு அனுமதி இல்லை. ஒரு நிமிஷம்தான். மருத்துவமனை என்று அம்மா சொல்வாள். நான்தான் என்பார் அப்பா. சொல்லுங்க. சேந்தாச்சு. சாப்பிட்டீங்களா. இனிமேதான். பாப்பா ஸ்கூல் போனாளா. போனா. சரி, வைக்கிறேன். மாதத்தில் இருபத்தொரு நாள் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை இதுதான்.

"கோட்டை ஊர்லேருந்து பேசினா பின்னாடி யாரோ தகரம் தட்டுவாங்க" என்றாள் அம்மா. "உங்க குரலவிட அதுதான் பெருசாக் கேக்கும். மணிக்கூண்டு ஊர்ல கால் மணி அடிக்கறதும் நீங்க பேச ஆரம்பிக்கறதும் ஒண்ணா இருக்கும். அரண்மனை ஊர்ல பியானோ."

"என்ன பியானோ?"

"யாரோ பழகிட்டிருந்தாங்க. மூணு வருஷம் ஒரே எடத்துல தப்பு. திடீர்னு ஒரு நாள் சரியா வாசிச்சிட்டாங்க. எனக்கு அவ்ளோ சந்தோஷம். உங்ககிட்ட சொன்னேன். அன்னிக்கும் நீங்க இதேதான் கேட்டீங்க, என்ன பியானோன்னு."

அப்பா கண்ணை மூடி யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.

"எனக்கு அரண்மனை அப்புறம்" என்றாள் அம்மா. "ஹெட்போன மாட்டிக்கிட்டு, நீங்க நின்னு பேசற எடத்த நான் நெனச்சுப்பேன். அது நெசமா எப்படி இருக்கும்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அதப் பாக்கணும் நான்."

"மரத்தடியில என்ன இருக்கு பாக்க? எண்ணெய்க் கறை இருக்கும்."

"இருக்கட்டும்."

"நான் உள்ள போலாம்னு நெனச்சேன்" என்றார் அப்பா, மெதுவாக. ஒரு பொருளைக் கேட்கத் தயங்கும் குழந்தையின் குரல் மாதிரி இருந்தது எனக்கு.

ஆக, திட்டத்தின் தலையெழுத்தே மாறிப் போயிற்று. எல்லா ஊரிலும் ஒரு வேளை உள்ளே, ஒரு வேளை வெளியே என்று கட்டங்களை இரண்டாகப் பிரித்தேன். உள்ளே அப்பாவுக்கு, வெளியே அம்மாவுக்கு. உலகத்தில் வேறு யாரும் இப்படி ஒரு பயணம் போட்டிருக்க மாட்டார்கள். எந்த பஸ் நிறுத்தத்தில் அம்மா எவ்வளவு நேரம் நிற்பாள் என்று கைபேசியில் தேடினால் வருமா என்ன.

கடலுக்கு வந்ததும் இன்னொரு தகராறு. அப்பாவுக்குக் கடல் என்றால் உப்பு. பஸ்ஸை மணலில் இறக்கக் கூடாது, சக்கரம் புதையும். மேட்டில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கவேண்டும். துடைத்த கண்ணாடி வழியாகத்தான் கடலைப் பார்த்திருக்கிறார். அதனால் அந்த நாளுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கலங்கரை விளக்கம், படகு, மீன் சந்தை என்று வரிசையாக எழுதப் போனார்.

"வேணாம்" என்றாள் அம்மா. "அந்த நாள வெறுமன விடுங்க."

"வெறுமனன்னா?"

"ஒண்ணும் எழுதாதீங்க. கடல் இருக்கும். நாம இருப்போம்."

"ஒண்ணுமில்லாத நாள எப்படி எழுதறது?"

"அதான் எழுதாதீங்கன்றேன்."

மறுநாள் காலை பார்த்தேன். ஆறாம் நாளின் காலிக் கட்டத்தில், அழிக்க வசதியாகப் பென்சிலால், பொடி எழுத்தில் 'காலை: எழுந்திருத்தல்' என்று எழுதியிருந்தது.

அடுத்த வாரம் அப்பா தன் பழைய கைடுக்குப் போன் செய்தார். எப்போதும் மைக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருப்பார் என்பதால் அவருக்கு 'மைக்' என்றே பெயர். சத்தமாகப் பேசும் மனிதர். ஸ்பீக்கரில் போடாமலே எங்களுக்குக் கேட்டது.

"அரண்மனைக்குள்ள என்னென்ன பாக்கணும்?" என்றார் அப்பா.

மைக் கேள்வியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

"நீங்களா அண்ணே கேக்கறீங்க? முப்பது வருஷம் நீங்கதான வண்டி ஓட்டுனீங்க?"

"ஆமா. வண்டிதான் ஓட்டுனேன்."

பிறகு மைக்கின் குரல் இறங்கி வந்தது. "படி ஜாஸ்திண்ணே. உங்க முட்டிக்கு மூணாவது மாடி ஆகாது. ஆனா மூணாவது மாடியிலதான் அந்தப் பெரிய ஜன்னல் இருக்கு. அங்கேருந்து பாத்தா நம்ம வண்டி தெரியும். நான் க்ரூப்ப அங்க நிறுத்தித்தான் சொல்லுவேன். அதோ பாருங்க, நம்ம வண்டி, நம்ம டிரைவர். யாராவது வழி தவறிட்டா நேரா அங்க போயிடுங்க, அவர் இருப்பாருன்னு."

அப்பா போனை வைத்துவிட்டு, அரண்மனை ஊரின் கட்டத்தில் 'மூன்றாம் மாடி' என்று எழுதினார்.

பதினோரு மாலைகள் ஆயின, அந்தத் திட்டம் முடிய. இப்போது யோசித்தால், அந்தப் பதினோரு மாலைகளும் பயணத்தைவிட ஒரு மாற்றுக் குறைந்தவை அல்ல. இருவரும் தாங்கள் தனித்தனியாகக் கழித்த வருஷங்களை மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். மணிக்கூண்டு ஊரில் ஒரு தடவை பிரேக் லைன் அறுந்து அப்பா தெருவோரம் இரண்டு நாள் கிடந்தது அம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. 'வண்டி லேட்டு' என்று மட்டும் அன்று சொல்லியிருக்கிறார். எனக்கு அம்மை போட்டிருந்ததை அம்மா சொல்லாமல், 'பாப்பா தூங்கறா' என்று சொல்லிச் சமாளித்தது அப்பாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு நிமிஷத்துக்குள் நல்ல செய்தி மட்டும்தான் அடங்கும் போலிருக்கிறது.

போனோம். சாதாரண பஸ்ஸில்தான். அப்பாவுக்கு முதல் வரிசை சீட். வழி நெடுக அவர் இடது கால் தரையை மிதித்துக்கொண்டே வந்தது.

"காலச் சும்மா வைங்க. அவர் பாத்துப்பாரு" என்றாள் அம்மா.

"வளைவுல கொஞ்சம் வேகமா போறான்."

"அவர் வண்டி அது."

கோட்டை ஊரில் மூன்று மரத்தில் ஒன்றுதான் இருந்தது, ஓரத்து மரம். மற்ற இடமெல்லாம் கல் பதித்து, வெள்ளைக் கோடு போட்டு, எண் எழுதியிருந்தார்கள். நடுமரம் இருந்த இடம் பதினேழாம் எண். அம்மா அங்கே போய் நின்றாள். அப்பா போன் பேசிய கடையில் இப்போது கைபேசி உறைகள் தொங்கின. பக்கத்தில் பைக் பழுது பார்க்கும் கடை. யாரோ ஒரு மட்கார்டைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இதுவேதான்" என்றாள்.

மணிக்கூண்டுக்குள் அன்று விடமாட்டோம் என்றார்கள். உள்ளே மராமத்து வேலை. அப்பா ரொம்ப நேரம் பூட்டிய கதவைப் பார்த்தார். "பரவால்ல. கால் மணி அடிக்கறதுக்காவது இருப்போம்" என்று அம்மாவோடு நடைபாதையில் நின்றார். மணி அடித்தபோது இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கையில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் முழுக்க பஸ்ஸில் போயிற்று. அரண்மனை ஊருக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருந்தோம். படிகள் அகலமாகத்தான் இருந்தன. யானை ஏறியிருக்குமா என்று காவலாளியிடம் கேட்டேன். யானை ஏறவில்லை, ராஜா பருமனாக இருந்தார் என்றார் அவர். கண்ணாடி மண்டபம் எங்கள் வீட்டு முன்னறையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. கண்ணாடிகள் ஓரங்களில் கறுத்திருந்தன. குறுக்கே கயிறு கட்டியிருந்தது. உள்ளே போக முடியாது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூரையில் பதித்த சின்னச் சின்னக் கண்ணாடிகளில் வாசல் வெளிச்சம் விழுந்து, எங்கள் மூன்று பேரின் தலைகளும் நூறு துண்டாகத் தெரிந்தன.

"சின்னதுதான். ஆனா அவங்க சொன்னது சரிதான்" என்றார்.

மூன்றாம் மாடிக்கு அவர் ஏற வேண்டாம் என்று நானும் அம்மாவும் சொன்னோம். கேட்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, சுவரைப் பிடித்து, முட்டியைத் தேய்த்து, ஏறினார். மேலே அந்த ஜன்னல். ஓர் ஆள் உயரம். கீழே திடலில் பதினொரு பஸ்கள் நின்றன. நிழலில் டிரைவர்கள் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். பனியனோடு ஒருவர் முன்கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நீங்க எந்த எடம்?" என்று அம்மா கேட்டாள்.

"அந்த மூலை. அந்த செவப்பு வண்டி நிக்குதே, அங்க."

அம்மா பார்த்தாள். பின்னால் ஒரு கூட்டம் வந்து சேர்ந்து, "கொஞ்சம் தள்ளுங்க" என்று யாரோ சொல்கிற வரைக்கும் பார்த்தாள். தள்ளி நின்றும் பார்த்தாள். அப்பா அவள் பார்ப்பதைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி, சுவரில் இருந்த பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் கீழிருந்த எழுத்தை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார். அது எந்த வருஷம் கூரை ஒழுகியது என்பது பற்றிய குறிப்பு.

பியானோ கேட்கவில்லை. அப்பா போன் பண்ணிய அந்தத் தெருவில் இரண்டு தடவை நடந்தோம். "இந்நேரம் அந்தப் பொண்ணுக்குப் பேரன் பேத்தியே இருக்கும்" என்றாள் அம்மா. பெண் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

ஆறாம் நாள் கடல். அப்பா நேரமே எழுந்து, பேண்டை முட்டிக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு, அடுத்து என்ன என்பதுபோல் எங்களைப் பார்த்தார். அடுத்து ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் நடந்தார். சாவிக்கொத்து இல்லாத கையை என்ன செய்வது என்று தெரியாதவர் மாதிரி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பத்து மணி வாக்கில், அலை வந்து தொடும் இடத்தில், உடுத்திய துணியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா சிரித்துக்கொண்டே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பின்னால், காய்ந்த மணலில்.

அப்பா நிறையப் பேசினார். எந்த பஸ்ஸுக்கு எந்த கியர் இறுகும், எந்த க்ரூப்பு பாடிக்கொண்டே வந்தது, எந்த ஊர்த் தண்ணீர் ரேடியேட்டருக்கு ஆகாது. அம்மா தலையாட்டினாள். ஆனால் பதில்கள் எல்லாம் கொஞ்சம் பொருந்தாமல் வந்தன. அப்பாவும் கவனித்துவிட்டார்.

"காதுல விழுதா?"

"என்ன?"

"நான் பேசறது கேக்குதா?"

"அந்தக் காது அவ்ளோவா கேக்காது" என்றாள் அம்மா, சாதாரணமாக. "ஹெட்போன் மாட்டின காது. ஏழெட்டு வருஷமா அப்படித்தான்."

"எங்கிட்ட சொல்லவே இல்லயே?"

"நீங்க வீட்ல எப்பவும் அந்தப் பக்கம் உக்கார மாட்டீங்க."

அப்பா மணலில் கையை ஊன்றி, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து, அம்மாவைச் சுற்றி வந்து, மறுபக்கம் உட்கார்ந்தார். பேண்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. விட்ட இடத்திலிருந்து, ரேடியேட்டரிலிருந்து, மறுபடி ஆரம்பித்தார். இந்தத் தடவை அம்மா சரியாகப் பதில் சொன்னாள். அந்த ஊர்த் தண்ணீரில் டீ போட்டாலும் நன்றாக இருக்காதா என்று கேட்டாள். நன்றாக இருக்காது என்றார்.

வெயில் ஏறியது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

"நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும்?" என்றாள் அம்மா.

"எட்டு."

"பத்தாக்கிடுங்க."

"பத்துன்னா வீடு போய்ச் சேர இருட்டிடும்."

"இருட்டட்டுமே."

அப்பா யோசித்தார். முப்பத்தொரு வருஷத்தில் எட்டைப் பத்தாக்கியவர் இல்லை அவர்.

"சரி. பத்து" என்றார்.